ஆக்டிங் நவமணி

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிட் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஐசக் அண்ணாச்சியிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"ஏ நவமணி, நம்ம மகாராஜனுக்குக் கையும் காலும் இழுத்துட்டுடே. ஆஸ்பத்திரில கெடக்கான். இடப் பக்கம் பூரா போச்சுன்னு சொல்லுதாவ." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம வீரவநல்லூர்ல ஒரு கல்யாணம். நீ வந்திருடே" என்றார்.

அண்ணாச்சியைக் குறை சொல்ல மாட்டேன். மெல்லிசைக் குழு நடத்துகிறவர் வேறு என்ன செய்வார்? கல்யாண வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பேஸ் கிட்டார் இல்லாமல் மேடை ஏற முடியாது. ஆனால் எனக்கு அவர் இடப் பக்கம் என்று சொன்ன இடத்திலேயே மனசு நின்றுவிட்டது. இடப் பக்கம் என்றால் இடது கை. கம்பியை அழுத்துகிற கை.

நான் ஆக்டிங். காருக்கு ஆக்டிங் டிரைவர் கூப்பிடுவார்கள் இல்லையா, அதுதான். இந்த ஜில்லாவில் எந்தக் குழுவில் பேஸ் வாசிக்கிறவனுக்குக் காய்ச்சல் வந்தாலும், மச்சினிக்குக் கல்யாணம் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. எனக்கென்று ஒரு குழு கிடையாது. நவமணி என்றால் நாலு பேர் யோசிப்பார்கள், ஆக்டிங் நவமணி என்றால் உடனே தெரியும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகாராஜன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சண்முகக்கனி என்னைப் பார்த்ததும், "வாசிப்பாவளா அண்ணே?" என்றுதான் முதலில் கேட்டாள். பிழைப்பாரா என்று கேட்கவில்லை. வாசிப்பார் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 11

நேற்று வீரவநல்லூர். வேர்வையில் கிட்டார் வார் தோளை அறுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன்.

ஆக்டிங்குக்கு ஒரு மரியாதை இருக்கிறது. யார் இடத்தில் உட்காருகிறோமோ அவர் வாசிக்கிற மாதிரியே வாசிக்க வேண்டும். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவார். பெயரைச் சொன்னதும் அவரவர் நாலு வரி தனியாக வாசித்துக் கைதட்டு வாங்கிக்கொள்வார்கள். அப்போது ஆக்டிங்கின் பெயரைச் சொல்லக்கூடாது. வராதவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பெயர் மாறினால் ஆளை மாற்றியாயிற்று என்று அர்த்தம். மறுநாளே மற்ற குழுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஆள் குணமாகி வந்தாலும் உட்கார இடம் இருக்காது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாக் குழுவிலும் இதுதான் வழக்கம்.

அறிவிப்பாளர் ஜாபர் மைக்கைப் பிடித்து, "பேஸ் கிட்டாரில்... நம்ம மகாராஜன்!" என்றார். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு நாலு வரி வாசித்தேன். மகாராஜனாக. கல்யாண வீட்டு மாமா ஒருவர் சாப்பிடும்போது, "மகாராஜன் சார், பிரமாதம்" என்று கைகொடுத்தார். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19

கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேன். பழைய கம்பியைக் கழற்றிப் புதுசு போட்டேன். என் மனைவி லில்லிக்கு முட்டுவலி, இரண்டு நாளாகச் சமையல் என்னுடையது. ரசம் வாயில் வைக்க முடியவில்லை. என் மகள் பெர்சி பேசாமல் மோர் ஊற்றிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 25

மகாராஜன் வீட்டுக்கு வந்துவிட்டார். வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது, பேச்சு குழறினாலும் புரிகிறது. இடது கை மடியில் கிடக்கிறது. யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னவே, எம் பேரைச் சொன்னானா ஜாபரு?"

"சொன்னாருவே. கைதட்டு பலமா இருந்துது."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. வலது கையால் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கேக்கணும்வே" என்றார். அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். நிகழ்ச்சி தொடங்கும்போது அவருக்குப் போன் போட்டு, அணைக்காமல் என் கிட்டாரின் ஆம்ப் பெட்டி மேல் வைத்துவிடுகிறேன். வீட்டில் இருந்தபடி அவர் முழுசாகக் கேட்கலாம். சண்முகக்கனி என்னை ரொம்ப நல்லவன் என்று சொன்னாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில்தான் நாங்கள் இரண்டு பேரும் ஐசக் அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினோம். அண்ணாச்சி அவரை எடுத்துக்கொண்டார். நியாயம்தான். அன்றைக்கு நான் சரியாக வாசிக்கவில்லை.

செப்டம்பர் 1

நேற்று அம்பாசமுத்திரத்தில் ரிசப்ஷன். போனை ஆம்ப் மேல் வைத்தேன். ஜாபர் பெயரைச் சொல்லி முடித்ததும் மேடையிலிருந்தே போனைப் பார்த்தேன். இணைப்பு இருந்தது.

இன்று போய்ப் பார்த்தபோது மனுஷன் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி இருந்தார். "மூணாவது பாட்டுல, சரணத்துக்கு முந்தி ஒரு ஓட்டம் ஓடுனீரு. அது நான் வாசிக்கதில்லயே?"

"கை தானா போயிட்டுவே."

"நல்லாத்தான் இருந்துது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் வாசிக்கதில்ல" என்றார்.

அண்ணாச்சிக்கு அந்த ஓட்டம் பிடித்திருந்தது. அதை நான் மகாராஜனிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 9

மகாராஜன் ஆள்காட்டி விரலைத் தூக்கிவிட்டார்! பிசியோதெரபி அம்மா தினமும் வந்து ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்கிறாள். நான் போயிருந்தபோது எனக்குச் செய்து காட்டினார். அரை அங்குலம் இருக்கும். வேர்த்துக் கொட்டிவிட்டது. சண்முகக்கனி சாமி படத்துக்குச் சூடம் கொளுத்தினாள்.

சந்தோஷப்பட்டேன். அப்படித்தான் எழுத வேண்டும்.

செப்டம்பர் 22

ஒத்திகை முடிந்து ஐசக் அண்ணாச்சி என்னை மட்டும் டீக்குக் கூப்பிட்டார். "டே, உள்ளதச் சொல்லு. நீதான் போயிப் பாக்கே. மகாராஜன் தேறி வந்திருவானா?"

அந்த விரல் கண்ணில் வந்து நின்றது. "கஷ்டம்தான் அண்ணாச்சி" என்றேன்.

பொய் ஒன்றும் இல்லை. கஷ்டமான காரியம்தானே.

அக்டோபர் 5, ஞாயிறு

பெர்சியைப் பெண் பார்க்க நாசரேத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, மின்வாரியத்தில் வேலை. லில்லி முட்டுவலியை மறந்து முந்திரிக்கொத்து செய்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா கலகலப்பான மனுஷன். பாட்டுப் பைத்தியம் வேறு.

"நீங்க பேஸ் வாசிப்பியளாமே! எந்த ட்ரூப்பு?"

பெர்சி தட்டோடு நின்றாள். அவள் முன்னால் நான் ஆக்டிங், பத்து ட்ரூப்பில் எடுபிடி என்று சொல்ல வாய் வரவில்லை. "ஐசக் அண்ணாச்சி ட்ரூப்" என்றேன்.

"பெரிய ட்ரூப்புல்லா! எத்தன வருஷமா?"

"இருவத்தாறு."

பெர்சி என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை வைத்தாள். அந்த மனுஷன் விடவில்லை. "அப்போ ஒண்ணு செய்வோம். வாற இருவத்தாறாம் தேதி பாளையங்கோட்டைல எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். ஒங்க ட்ரூப்புதான். நாங்க குடும்பத்தோட முன்வரிசைல வந்து ஒக்காருதோம்."

அவர்கள் போனபின் பெர்சி, "எதுக்குப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 12

மகாராஜன் மூன்று விரலால் கம்பியை அழுத்தினார். சத்தம் வந்தது. மங்கலாக, அதிர்ந்துகொண்டு, ஆனால் சுருதி சரியாக. மடியில் கிட்டாரை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த சண்முகக்கனி தேம்பித் தேம்பி அழுதாள். அவர் அழவில்லை, சிரித்தார். கோணல் வாயோடு ரொம்ப அழகாகச் சிரித்தார்.

"பொங்கலுக்கு மேடைல இருப்பேன்வே. அண்ணாச்சிட்ட சொல்லிரும்."

"அவசரப்படாதீரும்வே. ஒடம்பு முக்கியம்."

"பேரு மைக்குல இருக்குல்லா? அது போதும் எனக்கு. அதக் கேக்கப் போய்தான் இந்தப் பந்தயே அமுக்குதேன். இல்லன்னா எவன் அமுக்குவான் இந்தச் சனியன?"

அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. வேலை அதிகம்.

அக்டோபர் 25

நாளைக்குப் பாளையங்கோட்டை. வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். மகாராஜனுக்குப் போன் பண்ணி, என் போன் சரியில்லை, பேட்டரி நிற்கவில்லை, நாளைக்கு மட்டும் போன் போட முடியாது என்று சொன்னேன். "அதனால என்னவே" என்றார்.

அக்டோபர் 27

நேற்று ஒரு குழப்பம் நடந்துவிட்டது. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் ஜாபர் மைக்கில், "பேஸ் கிட்டாரில்... இருபத்தாறு ஆண்டு அனுபவம்... நம்ம நவமணி!" என்று சொல்லிவிட்டார். ஏதோ ஞாபகத்தில் சொல்லிவிட்டார் போல. ஐசக் அண்ணாச்சி கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். டிரம்ஸ் வாசிக்கிறவர் ஒரு அடியை விட்டுவிட்டார்.

முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. நாசரேத்துக்காரர்கள் அந்த நேரம் பார்த்துப் பந்திக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது எட்டாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. "பிரியாணி பிரமாதம்" என்றார் சம்பந்தி.

மைக்கில் என் பெயரை முதல் தடவையாகக் கேட்டேன். ஐம்பது வயசில். வேறு யாரையோ சொல்கிற மாதிரி இருந்தது.

அக்டோபர் 28

மகாராஜன் போனை எடுக்கவில்லை. பிசியோதெரபி நேரமாக இருக்கும்.

அக்டோபர் 29

எடுக்கவில்லை.

அக்டோபர் 30

சண்முகக்கனி எடுத்தாள். "கேட்டாவ அண்ணே" என்றாள். எப்படிக் கேட்டார் என்று விசாரித்தேன். கல்யாணப் பத்திரிகையிலேயே யூடியூப் நேரலை லிங்க் போட்டிருந்தார்களாம். அந்தப் பத்திரிகையைக் குழு வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தது நான்தான். இடம் தெரியட்டும் என்று அனுப்பினேன். கீழே இருந்த லிங்கை நான் பார்க்கவில்லை. ஒங்க போனுல பேட்டரி இல்லன்னு சொன்னீயளா, அதான் டிவில போட்டுப் பாத்தோம் என்றாள்.

மனுஷன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, என் பெயரைக் கேட்டிருக்கிறார்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். ஜாபர் குழப்பிக்கொள்ளவில்லை. நான்தான் போய்க் கேட்டேன். இந்த ஒரு தடவை மட்டும், பெர்சி காரியம், சம்பந்தி வருகிறார் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஜாபர், "நவமணி அண்ணே, மகாராஜன்ட்ட கேட்டுட்டீயளா?" என்று கேட்டார். கேட்டுவிட்டேன் என்றேன். சீ, என்ன மனுஷன் நான்! இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சியிடம் நான் நன்றாகத்தான் வாசித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மகாராஜன் சாய்வு நாற்காலியில் இருந்தார். "ஒக்காரும்வே" என்றார். சண்முகக்கனி டீ வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எப்போதும் முறுக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள்.

"ஜாபரு வாய் தவறி..." என்று தொடங்கினேன். வீட்டிலிருந்து புறப்படும்போது உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"ஜாபரு இருவது வருஷமா மைக்குப் பிடிக்கான். மாப்பிள்ள பேரக்கூட மாத்திச் சொல்லிருவான். நம்ம பேர மாத்திச் சொல்ல மாட்டான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தியை, பெர்சி தட்டோடு நின்றதை, பேட்டரிப் பொய்யை. அண்ணாச்சியிடம் கஷ்டம்தான் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவர் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக நாக்கைத் திருப்பிச் சொன்னார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே ஜாபருக்குப் போன் போட்டுச் சொல்லிருப்பேன்லாவே. பெர்சி எம்புள்ள மாதிரி. மாட்டேம்னா சொல்லப் போறேன்? நான் குடுத்திருப்பேன். நீரு கேக்காம எடுத்துக்கிட்டீரு."

"தப்புதான்வே. மன்னிச்சிரும்."

"டீயக் குடியும். ஆறுது."

குடித்தேன். நான் இருந்தவரை அவர் இடது கையைத் துண்டால் மூடியே வைத்திருந்தார்.

நவம்பர் 5

'மகாராஜன் குழுவிலிருந்து வெளியேறினார்' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு உடைந்துபோயின.

மத்தியானம் ஐசக் அண்ணாச்சி கூப்பிட்டார். "வள்ளியூர் ட்ரூப்புக்காரன் போன் போட்டு, மகாராஜன் எடத்த நவமணிக்குக் குடுத்திட்டியளாமேன்னு கேக்கான். ஊருக்கே தெரிஞ்சு போச்சு. மகாராஜனே எங்கிட்ட சொல்லிட்டான், நவமணியவே வச்சிக்கோங்கன்னு. இனி நீதாண்டே."

"அவரு பொங்கலுக்கு வாறேன்னு சொன்னாரு அண்ணாச்சி. மூணு வெரலு வந்துட்டு."

"அப்படியா?" என்றார் அண்ணாச்சி. "நீ கஷ்டம்னுல்லா சொன்ன?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 6

சரி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 10

சண்முகக்கனியைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தாள், நான்தான் வழியை மறித்தேன். "பந்தத் தொட மாட்டேங்காவ அண்ணே" என்றாள். "பிசியோ அம்மாவ வரவேண்டாம்னு சொல்லிட்டாவ. நான் கெஞ்சிப் பாத்துட்டேன். எதுக்கு இனின்னு கேக்காவ. நான் என்ன சொல்ல?"

கையிலிருந்த முருங்கைக்காயை மறுபடியும் மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே பேசினாள். நான் பேசுகிறேன் என்றேன். "நீங்க ஒண்ணும் பேசாண்டாம்" என்றாள். இவ்வளவு வருஷத்தில் அவள் என்னிடம் முகத்தில் அடித்தாற்போல் பேசியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 13

பெர்சி நிச்சயத்துக்குத் தேதி குறித்தாயிற்று. லில்லி பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்க்கிறாள். நான் சம்பந்திக்குப் போன் போட்டு, அன்றைக்கு நான் ஆக்டிங்தான், இருபத்தாறு வருஷம் என்று சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "இதுல என்ன இருக்கு சம்பந்தி? நல்லா வாசிப்பியள்ல, அது போதும்" என்றார். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன். இவ்வளவுதானா? இதற்காகவா?

நவம்பர் 17

நேற்று பாளையங்கோட்டையில் ரிசப்ஷன். நிரந்தர ஆளாக முதல் மேடை. ஆறரைக்கு ஆரம்பம். மூன்றாவது பாட்டில் தலையைத் தூக்கிப் பார்த்தால் மகாராஜன் வந்து உட்கார்ந்திருக்கிறார். கல்யாண வீட்டாருக்குத் தெரிந்தவர் இல்லை, பத்திரிகை இல்லை. ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். புதுச் சட்டை. பக்கத்தில் சண்முகக்கனி, எங்கும் பார்க்காமல்.

என் கை வாசித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது பாட்டு முடிந்தது. ஜாபர் டிரம்ஸ்காரர் பெயரைச் சொன்னார், தபேலாக்காரர் பெயரைச் சொன்னார். அடுத்து என்னைப் பார்த்தார், மகாராஜனைப் பார்த்தார். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு நிற்கிறார். கூட்டம் சலசலக்கிறது. மகாராஜன் உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையைத் தூக்கி, சொல்லு சொல்லு என்று ஆட்டினார்.

"பேஸ் கிட்டாரில்... நவமணி."

மகாராஜன் கைதட்டினார். மடியில் கிடந்த இடது கை மேல் வலது கையால் ஓங்கி ஓங்கித் தட்டினார். அந்தக் கைக்கு வலிக்காது. சண்முகக்கனி அதைத் தடுக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. நான் நாலு வரி வாசிக்கிற வரைக்கும் தட்டினார். பிசகில்லாமல் வாசித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். ஆட்டோவில் ஒரு கால் வைத்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன், வலது கையை. "நாளைக்கு வீட்டுக்கு வாறேன்வே. நாம பேசுவோம். அந்தப் பந்த மட்டும் விட்டுராதீரும்" என்றேன்.

"ஊரு முன்னால தட்ட வேண்டியதத் தட்டிட்டேன்வே" என்றார். "வீட்டுக்கு வரவேண்டாம். கொஞ்ச நாளு ஆவட்டும்."

"எவ்வளவு நாளு?"

"நானே கூப்புடுதேன்."

டிசம்பர் 28

இன்னும் கூப்பிடவில்லை.